கழற்றும்போதே பூட்டுவதை நினையுங்கள்: பழைய காரை வீட்டிலேயே மீட்டெடுக்க முழுமையான வழிகாட்டி

பழைய கார் விற்பனை விளம்பரங்களைக் கொஞ்ச நாள் தொடர்ந்து பார்த்தால் ஒரு வகைக் கார் அடிக்கடி கண்ணில் படும். பாடி ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம், மீதியெல்லாம் பத்துப் பதினைந்து அட்டைப்பெட்டிகளில். "வேலை பாதியில் நிற்கிறது, எல்லாப் பாகங்களும் இருக்கின்றன" என்று எழுதியிருப்பார்கள். துருவோ பணத் தட்டுப்பாடோ அந்தக் காரை நிறுத்தியிருக்கும் என்று தோன்றும். பெரும்பாலும் நடந்தது வேறு. யாரோ ஒருவர் ஆசை ஆசையாக ஒரே வாரக் கடைசியில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார். ஆறு மாதம் கழித்து எது எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

அதனால்தான் இந்த வழிகாட்டியில் எஞ்சினுக்குக் கொடுக்கும் இடத்தைக் கழற்றும் முறைக்கும் வேலையின் வரிசைக்கும் கொடுத்திருக்கிறேன். வெல்டிங் பழகிவிடலாம், பெயிண்ட் பழகிவிடலாம். வரிசை குலைந்துவிட்டால் மீட்பது கஷ்டம். ஒரு காரை முழுசாகப் புதுப்பிக்க ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆவது சாதாரணம். வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்றால் இரண்டு வருடம். அவ்வளவு காலம் நினைவை மட்டும் நம்பி வேலை செய்ய முடியாது.

காரைத் தேர்ந்தெடுப்பது

ஓடாத எஞ்சினைப் பார்த்துப் பயப்படாதீர்கள். துருப்பிடித்த பாடியைப் பார்த்துப் பயப்படுங்கள். எஞ்சினைத் தனியாக இறக்கி மேசையில் வைத்து, தேய்ந்ததை மாற்றிவிடலாம். பாடியின் அடித்தகரம் போய்விட்டால் காரின் எலும்பே போனமாதிரி. 1950களுக்குப் பிறகு வந்த பெரும்பாலான சிறிய கார்களில் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. அவற்றில் துரு என்பது அழகுப் பிரச்சினை இல்லை.

பார்க்கப் போகும்போது ஒரு காந்தம், ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போங்கள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுகளின் கீழ்விளிம்பிலும் சக்கர வளைவுகளிலும் நகர்த்துங்கள். பிடிப்பு திடீரென்று விட்டுப்போகும் இடத்தில் பெயிண்டுக்கு அடியில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி, ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தை விரலால் அழுத்துங்கள். கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சில் பேனல், முன்கண்ணாடிக்குக் கீழ்ப்பகுதி, பேட்டரித் தட்டு, ஸ்பேர் வீல் குழி, ஸ்பிரிங் பாடியில் உட்காரும் இடம் இவையெல்லாம் தண்ணீர் தேங்கும் இடங்கள். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகக் குத்திப் பாருங்கள். நல்ல தகரம் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். கெட்டது மந்தமாக உள்வாங்கும். ஒருமுறை கேட்டுவிட்டால் அந்த வித்தியாசம் மறக்காது.

அப்புறம், கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். திறந்ததும் கதவு கீழே தொங்கினால், மூடும்போது தூக்கி மூடவேண்டியிருந்தால், கீல் தேய்ந்திருக்கலாம், பாடி நடுவில் வளைந்தும் இருக்கலாம். கீல் என்றால் சின்ன வேலை. பாடி என்றால் யோசியுங்கள்.

விட்டுப்போன பாகங்களையும் எண்ணுங்கள். எஞ்சின் பாகங்கள் ஏதோ ஒரு வழியில் கிடைத்துவிடும். அந்த ஒரு மாடலுக்கே உரிய விளக்குக் கண்ணாடி, குரோம் பட்டை, மீட்டர் பலகை, கதவுக் கைப்பிடி போன்றவைதான் வருடக்கணக்கில் தேடவைக்கும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில், எம்.ஜி.பி., மினி போன்று லட்சக்கணக்கில் தயாரான கார்களுக்கு இன்றும் புதுப் பாகங்கள் செய்கிறார்கள். முதல் காரென்றால் அப்படி ஒன்றை எடுப்பதே நல்லது என்பேன்.

சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுப் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பின்னால் வேலை செய்யும்போதும் அந்த எண் பதித்த தகரத்தை வெட்டாதீர்கள், கிரைண்டர் வைக்காதீர்கள். அதுதான் காரின் அடையாளம்.

எதுவரை செய்யப் போகிறீர்கள்?

முதல் போல்ட்டில் ஸ்பானர் வைக்கும் முன் இதைத் தாளில் எழுதிவிடுங்கள். கண்காட்சியில் நிறுத்தும் அளவுக்கா, ஞாயிற்றுக்கிழமை ஓட்டவா, தினமும் ஓட்டவா? தினமும் ஓட்டும் காருக்கு ஒரிஜினல் சீட் துணியை விட நல்ல பிரேக்கும் சீட் பெல்ட்டும் முக்கியம். பெயிண்டும் உள்ளலங்காரமும் இன்னும் நன்றாக இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். ஐம்பது வருடம் பழகிய லெதரின் சுருக்கத்தையும் ஸ்டியரிங்கில் கை பட்டுப் பட்டு வந்த மினுமினுப்பையும் எந்தப் புதுப் பொருளும் தராது. எல்லாவற்றையும் புதுசாக்கினால்தான் மரியாதை என்ற எண்ணத்தை நான் கைவிட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

இடமும் பாதுகாப்பும்

காரைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு மீட்டராவது இடம், சமதளமான உறுதியான தரை, மழை படாத கூரை, நல்ல வெளிச்சம். கழற்றிய கார் நிற்கும் காரை விட இரண்டு மடங்கு இடம் பிடிக்கும், அதனால் அலமாரிகளை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

ஜாக்கி என்பது தூக்க மட்டும்தான். தூக்கியபின் காரை ஸ்டாண்டில் இறக்கி, ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீழே போகவேண்டும். செங்கல், கான்கிரீட் கல் எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள். அவை முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

பழைய காரில் மட்டும் உள்ள ஆபத்துகள் சில உண்டு. பழைய பிரேக் ஷூ, கிளட்ச் தட்டு, சில கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியை ஊதிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அதைச் செய்யவே கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பல தொழிற்சாலைகள் தகர இணைப்புகளை ஈயத்தாலேயே பூசி நிரப்பின. அங்கே கிரைண்டர் வைத்தால் தூள் நேராக நுரையீரலுக்குப் போகும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் டேங்கைத் தனியே இறக்கி, வேலை செய்யும் இடத்துக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் நிறைந்த டேங்கை விட ஆபத்து. அதில் நீங்களாக வெல்டிங் வைக்காதீர்கள்.

கழற்றுதல்

பேட்டரியை இறக்கிய பிறகு, முதல் நாள் எதையும் கழற்றாதீர்கள். போட்டோ மட்டும் எடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று தூரங்களில்: முழுப் பகுதியும் தெரிய ஒன்று, கையளவு தூரத்தில் ஒன்று, போல்ட், வாஷர் அடுக்கின் வரிசை தெரிய ஒன்று. முந்நூறு, நானூறு படங்கள் வரும். ஒவ்வொன்றும் உங்களுக்கு ஒரு மாலை நேரத்தை மிச்சப்படுத்தும்.

கதவுக்கும் பாடிக்கும் இடையிலான இடைவெளி, பானெட்டின் இடைவெளி எல்லாவற்றையும் இப்போதே மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தகரத்தை வெட்டியபின் திரும்பிப் பார்க்க உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த எண்கள்தான்.

பிறகு பகுதி பகுதியாக இறங்குங்கள். ஒரு பகுதியைக் கழற்றி, பையில் போட்டு, எழுதி, அலமாரியில் வைத்த பிறகுதான் அடுத்தது. பையின் மேல் "போல்ட்" என்று எழுதினால் போதாது. "இடது முன் கதவு, மேல் கீல், 3 போல்ட், நீளமானது கீழே" என்று எழுதவேண்டும். அதே வரியைத் தாளிலும் எழுதிப் பைக்குள் போடுங்கள். வெளியே எழுதிய மை எண்ணெய் பட்டால் அழிந்துவிடும். முடிந்த இடத்திலெல்லாம் போல்ட்டை அதன் துளையிலேயே திரும்பப் போட்டு இரண்டு சுற்று விடுங்கள். அதைவிடப் பாதுகாப்பான பெட்டி கிடையாது.

வயரை எடுக்கும்போது வயர் நுனியிலும் அது சேரும் முனையிலும் ஒரே எண் எழுதிய சீட்டு ஒட்டவேண்டும். ஐம்பது வருடத்தில் வயரின் நிறமெல்லாம் ஒரே பழுப்பாகிவிட்டிருக்கும், நிறத்தை நம்பாதீர்கள்.

எவ்வளவு கெட்டுப்போன பாகமாக இருந்தாலும், அதற்கு மாற்று வந்து காரில் பொருத்தி முடியும்வரை எறியாதீர்கள். கிழிந்த கதவு ரப்பர் கூடப் புதியதன் நீளத்தையும் வடிவத்தையும் சொல்லும். உதிர்ந்த சீட் உறைதான் புது உறைக்கு அளவு மாதிரி.

இறுகிப்போன போல்ட்டுகளுக்குப் பொறுமைதான் மருந்து. முந்தின நாளே துரு இளக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் ஆறு முகமுள்ள சாக்கெட்டை மாட்டி, முதலில் முடுக்கும் திசையில் துளி அசைத்துப் பாருங்கள், அப்புறம் கழற்றும் திசையில். அசையவில்லையா, நட்டைச் சூடாக்கி ஆறவிட்டு மறுபடி எண்ணெய். கால் சுற்று வந்ததும் அவசரப்பட்டு ஒரே மூச்சில் கழற்றாமல், முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுங்கள். முறிந்த போல்ட்டைத் துளைத்து எடுக்க ஒரு நாள் போய்விடும்.

மரையையும் கவனியுங்கள். 1960களின் கிரைஸ்லர் கார்கள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை கொண்டவை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழல்பவை. வழக்கமான திசையில் பலத்தைக் காட்டினால் போல்ட் முறியும். பழைய எம்.ஜி. டி.சி. காரின் எஞ்சினில் போல்ட் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு, மரை மெட்ரிக். உங்கள் காரின் பட்டறைக் கையேட்டை எப்படியாவது தேடி வாங்குங்கள். முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

துருவும் தகரமும்

மேலே ஒரு சிறு கொப்புளம் தெரிந்தால் அடியில் கையகலத் துரு இருக்கும். சுத்தமான, பளபளக்கும் தகரம் வரும்வரை பெயிண்டை எடுங்கள். மணல் வீச்சு வேகமானது. சேஸிஸ், சஸ்பென்ஷன் கைகள் மாதிரி கனமான இரும்புக்குச் சரி. பானெட், கூரை, கதவுத் தோல் போன்ற பெரிய தட்டையான தகரத்தில் மணல் அடித்தால் அது அலை அலையாக நெளிந்துவிடும். அவற்றுக்குப் பெயிண்ட் இளக்கி ரசாயனமும் சுரண்டியும்தான்.

சிறு பாகங்களுக்கு நான் மிகவும் விரும்புவது மின்பகுப்பு முறை. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தைப் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையில் கட்டித் தொங்கவிடுங்கள். பாசிட்டிவ் முனையில் வேண்டாத சாதாரண இரும்புத் தகடு. இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. சார்ஜரைப் போட்டதும் பாகத்திலிருந்து நுண்ணிய குமிழிகள் கிளம்பும். மறுநாள் எடுத்தால் சிவப்புத் துரு கரும்பொடியாகி, பிரஷ் வைத்துத் தேய்த்ததும் கழன்று வரும். நல்ல இரும்பு துளியும் குறையாது. அந்தக் குமிழி ஹைட்ரஜன், அதனால் திறந்தவெளியில் செய்யுங்கள். எவர்சில்வர் தகட்டை மட்டும் பாசிட்டிவில் மாட்டாதீர்கள், நச்சான குரோமியம் தண்ணீரில் கரையும். ஸ்பிரிங், உயர்பலப் போல்ட் போன்றவற்றை மின்பகுப்பிலோ அமிலத்திலோ போடவேண்டாம். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அவற்றை நொறுங்கவைக்கும்.

இனி வெட்டி ஒட்டும் வேலை. இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். முதல் காரில் சில் பேனல் இரண்டு பக்கமும் மோசமாக இருந்தது. வேகமாக முடித்துவிடலாம் என்று இரண்டையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தேன். குறுக்குச் சட்டம் எதுவும் கொடுக்கவில்லை, முட்டும் சரியான இடத்தில் இல்லை. புதுத் தகரத்தை அழகாக வெல்டிங் வைத்து, இரண்டு வாரம் கழித்துக் கதவை மாட்டினால் மூடவே இல்லை. பாடி நடுவில் எட்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. வைத்த வெல்டிங் எல்லாவற்றையும் அறுத்து, பாடியை நிமிர்த்தி, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆகவே, வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை முக்கோணமாக வெல்டிங் வைத்து இறுக்குங்கள். பாரம் எப்போதும் போலச் சக்கரங்கள் இருக்கும் இடத்தில் இறங்கும்படி முட்டுக் கொடுங்கள். ஒரு பக்கத்தை முழுசாக முடித்து, கதவை மாட்டிப் பார்த்து, குறித்துவைத்த இடைவெளியோடு ஒப்பிட்ட பிறகுதான் மறுபக்கம்.

பழைய கார்த் தகரம் பெரும்பாலும் 0.8 முதல் 1 மி.மீ. தடிமன். வீட்டில் பழகுவதற்கு மிக் வெல்டிங் (வயர் தானாக வந்துகொண்டிருக்கும் வகை) எளிது, வயர் 0.6 மி.மீ. போட்டுக்கொள்ளுங்கள். அதே தடிமன் உள்ள வேண்டாத தகரத்தில் குறைந்தது பத்து மணி நேரம் பழகாமல் காரில் கை வைக்காதீர்கள். நீளமாகக் கோடு இழுத்தால் சூட்டில் தகரம் முறுக்கிக்கொள்ளும். ஒரு பொட்டு வைத்துவிட்டு ஒரு சாண் தள்ளி அடுத்தது, தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்ததும் இடையில் இன்னொன்று. இப்படியே எல்லாப் பொட்டும் சேரும்வரை. பொறுமையாகச் செய்தால் பட்டியே தேவைப்படாத அளவுக்குக் கூட வரும்.

துருவின் மேல் புதுத் தகரத்தைப் போர்த்துவது வேண்டாம். உள்ளே துரு வேலையைத் தொடரும். கெட்டதை நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுத்து, விளிம்போடு விளிம்பாகச் சேருங்கள். தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். பல கார்கள் துருப்பிடித்ததே அந்த ஓட்டைகள் அடைபட்டதால்தான்.

எஞ்சின்

பல வருடம் நின்ற எஞ்சினில் முதலில் சாவியைத் திருகத் தோன்றும். திருகாதீர்கள். பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் பலம் ரிங்கை உடைக்கும். கியரில் போட்டுத் தள்ளுவதும் அப்படியே.

கியரை நியூட்ரலில் வையுங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள்; சில சமயம் இறுகியிருப்பது டைனமோவோ தண்ணீர் பம்போதான், எஞ்சினே இல்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து நாலைந்து கரண்டி விடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று சரியாகக் கலந்து நிற்காது, அதனால் விடும்போது குலுக்கிக் குலுக்கி விடவேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். தினமும் கொஞ்சம் ஊற்றி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பிறகு கிராங்க் முனை நட்டில் சாக்கெட் வைத்து நீளமான கைப்பிடியால் மெதுவாக அழுத்துங்கள். முதல் அசைவு நூலளவுதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். அந்த நூலளவையே முன்னும் பின்னும் ஆட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துங்கள். முழுச் சுற்று வந்த நிமிடம் இந்த வேலையில் கிடைக்கும் பெரிய சந்தோஷங்களில் ஒன்று.

சுழலும் எஞ்சினில் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் உண்டாக்கும் அழுத்தம், அளந்து பாருங்கள். அந்தக் காலச் சாதாரண எஞ்சின்களில் நூற்றிருபது முதல் நூற்றைம்பது பி.எஸ்.ஐ. வரை வந்தால் நல்லது. அதைவிட முக்கியம், சிலிண்டர்களுக்கிடையே பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாதது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ.

பிரிக்கவேண்டி வந்தால், வால்வுகளைத் தள்ளும் டேப்பெட், புஷ்ராட் எல்லாவற்றையும் எண் போட்ட அட்டையில் வரிசையாகக் குத்தி வையுங்கள். இத்தனை வருடம் ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை அதே ஜோடியாகத்தான் திரும்பப் போகவேண்டும். பேரிங் மூடிகளுக்கும் எண் உண்டு, திசையும் உண்டு. போர் அளப்பது, கிராங்க் தேய்ப்பது, ஹெட்டின் முகத்தைச் சமப்படுத்துவது எல்லாம் லேத் பட்டறை வேலை. வீட்டில் முயலவேண்டாம். சுத்தம் செய்வதும் சேர்ப்பதும் உங்கள் வேலை. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், இரண்டு மூன்று தடவையாக, டார்க் ரென்ச் வைத்து முடுக்குங்கள்.

ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து எஞ்சினுக்கு, ஹெட் பட்டறையில் இருக்கும்போதே கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் வால்வு சீட் போட்டுவிடுங்கள். ஈயம்தான் அந்த மென்மையான சீட்டைக் காத்துவந்தது. இப்போதைய பெட்ரோலில் உள்ள எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களைத் தின்னும், தண்ணீரையும் இழுக்கும். எரிபொருள் குழாய், பம்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் சீல்கள் எல்லாம் எத்தனால் தாங்கும் வகையில் புதுசாக இருக்கட்டும்.

பிரேக்

வண்டி ஓடுவதற்கு முன் நிற்கவேண்டும். இங்கே பழையதை மிச்சப்படுத்தாதீர்கள். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர்க் குழாய் எல்லாம் புதுசு. வெளியே பளபளவென்று இருக்கும் ரப்பர்க் குழாய் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் பிரேக் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. இரும்புக் குழாய்க்குப் பதில் செம்பு நிக்கல் கலந்த குழாய் போட்டால் துருப்பிடிக்காது, வளைப்பதும் சுலபம். எண்ணெய் ஊறிய பிரேக் ஷூவைக் கழுவிப் போடுவது வேண்டாம், தூக்கி எறியுங்கள்.

சாதாரண பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பெயிண்டையும் உரிக்கும். புதுப் பெயிண்ட் அடித்த காரில் ஊற்றும்போது சுற்றிலும் ஈரத் துணி போடுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5 ஆயிலை மற்றதோடு கலக்கக் கூடாது. காற்றை எடுக்கும்போது, கையேடு வேறு வரிசை சொல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் ஆரம்பியுங்கள்.

டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு எண் வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். பத்து வருடம் தாண்டியிருந்தால் பூ தேயாமல் இருந்தாலும் மாற்றுங்கள்.

வயரிங்

துணி சுற்றிய வயர் தொட்டால் உதிர்கிறதா? ஒட்டுப்போடாமல் முழு ஹார்னெஸையும் (வயர்க் கட்டு) மாற்றிவிடுங்கள். பேட்டரி வைக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: 1950களின் கார்கள் பலவற்றில் 6 வோல்ட், பிரிட்டிஷ் கார்கள் பல 1960களின் நடுப்பகுதிவரை பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் சேரும். இன்றைய பழக்கத்தில் நெகட்டிவை பாடியில் மாட்டினால் டைனமோவும் ரேடியோவும் கெடலாம். பாதி மின்கோளாறுகளுக்குக் காரணம் பெயிண்டுக்கு மேல் முடுக்கிய எர்த் வயர். அந்த இடத்தில் தகரம் தெரியச் சுரண்டி மாட்டுங்கள்.

பெயிண்ட்

கதவு, பானெட், விளக்கு, பம்பர் எல்லாவற்றையும் பெயிண்டுக்கு முன்பே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். இடைவெளிகள் சரி என்றால் கழற்றி அடியுங்கள். பெயிண்ட் அடித்தபின் கதவைச் சுத்தியலால் சரிசெய்வது யாருக்கும் வரக்கூடாத நிலைமை.

வெறும் தகரத்தின் மேல் முதலில் எபாக்ஸி பிரைமர். பட்டி அதற்கு மேல், மூன்று மில்லிமீட்டருக்குள். தேய்க்கும் முன் வேறு நிறப் பெயிண்டைப் புகைபோல மெல்லியதாகத் தெளித்துவிடுங்கள். நீளமான பலகையில் உப்புத்தாள் சுற்றித் தேய்க்கும்போது நிறம் மிஞ்சி நிற்கும் இடம் பள்ளம், முதலில் மறையும் இடம் மேடு. கண்ணை விடக் கை நம்பகமானது. மெல்லிய துணியைத் தகரத்தின் மேல் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத அலையும் தட்டுப்படும்.

கடைசிக் கோட் பற்றி என் கருத்து: அதை வெளியே கொடுங்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயிண்டில், அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. வாசனையால் எச்சரிக்காது, சாதாரண முகமூடி போதாது, வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா நிற்கும். தயாரிப்பு வேலைதான் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு. அதை நீங்கள் வீட்டில் செய்யுங்கள், நிறத்தை வசதியுள்ள பெயிண்ட் பூத்தில் அடித்து வாங்குங்கள். குரோம் பூச்சும் அப்படித்தான், வெளி வேலை.

பூட்டுதல்

சில் பேனல், கதவு, குறுக்குச் சட்டம் போன்ற மூடிய பகுதிகளுக்குள் முதலில் மெழுகு தெளித்துவிடுங்கள். பின்னால் கை எட்டாது. அப்புறம் வயரிங், கூரைத் துணி, கண்ணாடி, டாஷ்போர்டு, கடைசியில் சீட். பல கார்களில் கூரைத் துணியின் விளிம்பு கண்ணாடி ரப்பருக்கு அடியில் போகும், அதனால் கண்ணாடியை முந்தவிடாதீர்கள்.

முன்கண்ணாடி மாட்ட இரண்டு பேர் வேண்டும். ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, பாடி உட்காரும் பள்ளத்தில் மெல்லிய உறுதியான கயிறை முழுச் சுற்றும் பதித்து, நுனிகள் கீழே நடுவில் ஒரு சாண் ஒன்றையொன்று தாண்டும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து வாசலில் வைத்து, நுனிகளை உள்ளே விடுங்கள். வெளியே இருப்பவர் உள்ளங்கையால் தட்டி அழுத்த, உள்ளே இருப்பவர் கயிறைக் கண்ணாடிக்கு இணையாக மெல்ல இழுக்கவேண்டும். கயிறு வெளியேறும் இடத்தில் ரப்பரின் உதடு ஒவ்வொரு அங்குலமாகத் தகர விளிம்பைத் தாண்டி உள்ளே மடங்கி உட்காரும். மூலைகளில் அவசரம் வேண்டாம். இறுகினால் நிறுத்தி, மீண்டும் சோப்புத் தண்ணீர் தடவி, தட்டி, அப்புறம் இழுங்கள்.

முதல் ஸ்டார்ட், முதல் ஓட்டம்

ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு ஆயில் பிரஷர் முள் எழும்வரை பாருங்கள். எழுந்தபின் பிளக்கைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டின் இடைவெளி பல கார்களில் 0.35 முதல் 0.40 மி.மீ., சரியான எண் உங்கள் கையேட்டில். நாலு சிலிண்டர் என்றால் அவை வெடிக்கும் வரிசை பெரும்பாலும் 1-3-4-2. தீயணைப்பானோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும், எரிபொருள் இணைப்புகளை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

புது கேம் ஷாஃப்ட்டும் தட்டை டேப்பெட்டும் போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாதீர்கள். நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு ஏற்றி, லேசாக ஏற்றி இறக்கி, இருபது நிமிடம் ஓடட்டும். ஐடிலில் அந்த முகங்களுக்கு ஆயில் போதாது, முதல் நிமிடங்களிலேயே தேய்ந்துவிடும். துத்தநாகச் சேர்மானம் அதிகமுள்ள ஆயில் போடுவதும் இதற்காகத்தான். ஆயில் பிரஷர் விழுந்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள்.

முதல் ஓட்டம் ஆளில்லாத இடத்தில், நடை வேகத்தில். பத்து மீட்டர் போய் பிரேக். மறுபடி பத்து மீட்டர், மறுபடி பிரேக். ஒரு பக்கம் இழுக்கிறதா பாருங்கள். நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். மூன்றை விட ஒன்று அதிகம் சுட்டால் அங்கே பிரேக் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் சக்கர நட்டுகளை மறுபடி முடுக்குங்கள், கீழே அட்டை விரித்து ஒரு இரவு நிறுத்துங்கள். காலையில் அட்டையில் விழுந்திருக்கும் ஒவ்வொரு துளியின் இடத்தையும் நிறத்தையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்திருந்தால் எண்ணூறு கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வால்வு இடைவெளி பாருங்கள். கையேடு சொன்னால் ஹெட் போல்ட்டுகளையும் மறுபடி முடுக்குங்கள்.